அம்மா உட்காரும் காருக்கு எந்த அப்சார்பர்?

கேள்வி:

அண்ணே, வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் வீடு, துவாஸில் வேலை. என்னுடைய கார் 2013-இல் பதிந்த டொயோட்டா ஆல்டிஸ் 1.6. 2023-இல் சிஓஇ-யை (வண்டி வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்றிதழ்) 5 வருஷத்துக்குப் புதுப்பித்தேன். 168,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஷாக் அப்சார்பர் ஒருமுறைகூட மாற்றவில்லை. எங்கள் புளோக்கின் அடுக்குமாடி கார்பார்க்கில் இறங்கும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது. ஹம்ப் (வேகத்தடை) ஏறி இறங்கினால் வண்டி இரண்டு மூன்று தடவை ஆடித்தான் அடங்குகிறது. சாலைப்பணி நடக்கும் இடங்களில் போட்டிருக்கும் இரும்புத் தகடுகள் மேல் போனால் பல் கிட்டுகிறது. அம்மாவுக்கு 71 வயது, முதுகுத்தண்டில் தேய்மானம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பின்சீட்டில் கைப்பிடியைப் பிடித்த கை பிடித்தபடியே வருகிறார்.

நான்கு இடத்தில் விலை கேட்டேன். ஒரிஜினல் நான்கும் கூலியோடு 1,350 சிங்கப்பூர் வெள்ளி. கயாபா பிராண்டு நான்கும் கூலியோடு 680. ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்து வரும், உயரத்தையும் இறுக்கத்தையும் மாற்றிக்கொள்ளும் காயில்ஓவர் செட் 1,150, 'மெதுவா வச்சுக்கலாம், சொகுசா இருக்கும்' என்கிறார்கள். ஜொகூரில் பழைய சாமான் கடையில் நான்கும் 600 ரிங்கிட். என் கையில் 900 வெள்ளி இருக்கிறது. எதை வாங்கலாம்? (வண்டியில் 17 இஞ்ச் ரிம், 215/45 டயர். பழைய 15 இஞ்ச் ரிம் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று காற்று 260 கிலோபாஸ்கல் வைக்கிறேன்.)

பதில்:

தம்பி, நான்கு விலையையும் பார்த்தேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, கடைசியில் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிய விஷயம்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அம்மாவின் முதுகில் ஏறுகிற அடியில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது, அதற்கு எந்த அப்சார்பரும் மருந்தில்லை.

டயரின் பக்கத்தில் 215/45 என்று எழுதியிருந்தால், அகலம் 215 மில்லிமீட்டர், அதில் 45 சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம் என்று அர்த்தம். கணக்குப் போட்டால் 97 மில்லிமீட்டர்கூட முழுசாக வராது. உங்கள் 15 இஞ்ச் ரிமுக்கான அளவு 195/65. அதில் பக்கச் சுவர் கிட்டத்தட்ட 127 மில்லிமீட்டர். சாலைக்கும் ரிமுக்கும் நடுவே காற்று நிரம்பிய மெத்தையில் 3 சென்டிமீட்டரை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இரும்புத் தகட்டின் விளிம்பு போன்ற சின்ன, கூர்மையான தடைகளை முதலில் விழுங்க வேண்டியது டயர்தான். அது விழுங்காவிட்டால் அந்த அடி ரிம், ஆர்ம், பாடி, சீட் என்று நேராக மேலே ஏறிவிடும். அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய் அசையத் தொடங்குவதற்குள் அடி வந்து சேர்ந்திருக்கும்.

அதன் மேல் 260 காற்று வேறு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தொழிற்சாலை அளவு டயருக்கு எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். இந்த மாதிரி கார்களுக்குப் பெரும்பாலும் 220, 230 அளவில்தான். காலையில் வண்டி எடுத்தவுடன், டயர் சூடாவதற்கு முன், பக்கத்து பெட்ரோல் நிலையத்தில் சரிபாருங்கள். வேலை முடிந்து துவாஸிலிருந்து சூடாக வந்த டயரில் அளந்தால் கணக்குத் தப்பும்.

ஆகவே 15 இஞ்ச் ரிமை ஸ்டோர் ரூமிலிருந்து வெளியே எடுங்கள். ஆனால் அதில் மாட்டியிருக்கும் டயரை அப்படியே போட்டுக்கொண்டு ஓட வேண்டாம். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்று இருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த ரப்பர் கடினமாகிவிடும், மழையில் பிடிக்காது. புது டயர் நான்கு வாங்குங்கள். அகல ரேஸ் டயர் வேண்டாம், சத்தம் குறைவு, சொகுசு என்று விற்கிற சாதாரண ரகம் போதும். 17 இஞ்ச் ரிமை டயரோடு கரௌசல் இணையச் சந்தையில் போட்டால் வாங்க ஆள் வரும், செலவில் ஒரு பகுதி திரும்பிவிடும்.

கழற்றும்போது இன்னொரு காரியம் செய்யுங்கள். பழைய டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவட்டமாகத் தடவிப் பாருங்கள். அப்சார்பர் செத்த வண்டியில் ரப்பர் சீராகத் தேயாது. கை மேடு பள்ளம், மேடு பள்ளம் என்று ஏறி இறங்கும். சக்கரம் சாலையைவிட்டுத் துள்ளித் துள்ளி இறங்கிய இடங்கள் அவை. கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லிவிடும். பட்டறைக்கு வரும் வண்டியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்போது அப்சார்பருக்கு வருவோம். வண்டியின் எடையைத் தாங்குவது அப்சார்பர் இல்லை, ஸ்பிரிங். தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் எடையைத் தாங்குவது மேலே கட்டிய கயிறு. ஆட்டம் மிஞ்சிப் போகாமல் தொட்டு நிதானப்படுத்துவது அம்மாவின் கை. ஸ்பிரிங் அந்தக் கயிறு, அப்சார்பர் அந்தக் கை. உள்ளே ஒரு பிஸ்டன், சின்னச் சின்ன வால்வுகள் வழியாக எண்ணெயைத் தள்ளி, ஆட்டத்தின் வேகத்தைச் சூடாக மாற்றிக் கரைக்கிறது. 168,000 கிலோமீட்டரில் அந்த எண்ணெயும் சீலும் வால்வும் களைத்துப்போயிருக்கும். ஹம்ப் இறங்கியபின் இரண்டு மூன்று ஆட்டம் என்று நீங்கள் எழுதியது அதுதான். நல்ல அப்சார்பர் இருந்தால் வண்டி ஒருமுறை எழும், ஒருமுறை உட்காரும், அவ்வளவுதான். ஆக, உங்கள் வண்டிக்கு அப்சார்பர் மாற்ற வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் 'டொக் டொக்' வேறு கதை. கார்பார்க் இறக்கத்தில், வண்டி மெதுவாக உருளும்போது, கான்கிரீட் இணைப்புகள் மேல் ஏறும்போது வரும் அந்தக் கட்டைச் சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் காக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு) அல்லது டாப் மவுண்ட் (அப்சார்பரின் மேல்முனையைப் பாடியோடு பிணைக்கும் ரப்பர்). சில வண்டிகளில் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் இணைப்பு ரப்பர். போன வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். வேறொரு இடத்தில் நான்கு அப்சார்பரும் மாற்றிவிட்டு, 'சத்தம் அப்படியே இருக்குதுப்பா, எனக்குத்தான் காதுல கோளாறோன்னு நினைச்சேன்' என்றார். வண்டியை லிஃப்டில் ஏற்றி ஸ்டெபிலைசர் லிங்கை இரண்டு விரலால் ஆட்டினேன். சின்னப் பிள்ளையின் பால்பல் போல ஆடியது. இரண்டு பக்கமும் அதை மட்டும் மாற்றி அனுப்பினேன். அவர் செலவழித்த அப்சார்பர் பணம் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் வந்த நோய்க்கு அது மருந்தில்லை.

நம் ஊர் வண்டிகளில் ரப்பர்தான் முதலில் போகிறது. பனி கொட்டும் ஊர்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள், ஸ்பிரிங் துருப்பிடித்து உடையும். இங்கே உப்பு இல்லை, ஆனால் வருஷம் முழுக்கச் சூடும் ஈரமும். பத்து வருஷம் கடந்த லோயர் ஆர்ம் புஷ்ஷில் கம்பியைக் கொடுத்து மெல்ல நெம்பினால், தண்ணீர் வற்றிய வயல் வெடிப்பது போல ரப்பர் பிளந்து உள்ளே வெளிச்சம் தெரியும். ஆகவே ஸ்பிரிங்குக்குப் பணம் வைக்காதீர்கள். அடிச்சுற்று உடைந்திருக்கிறதா, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இடதும் வலதும் ஒரே உயரமா என்று பார்த்தால் போதும். அந்தப் பணம் ரப்பருக்குப் போகட்டும்.

நீங்கள் விலை கேட்ட நான்கில், காயில்ஓவர் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். 'மெதுவா வச்சுக்கலாம்' என்ற வார்த்தைக்கு ஆசைப்பட்டுப் பலர் வாங்கிவிட்டு என்னிடம் கழற்றப் போட வருகிறார்கள். மேலே இருக்கும் குமிழ் அப்சார்பரின் எண்ணெய் ஓட்டத்தைத்தான் கூட்டும், குறைக்கும். ஸ்பிரிங்கை அது தொடாது. அந்த செட்டோடு வரும் ஸ்பிரிங்கோ, வளைவில் வண்டி சாயக்கூடாது என்ற எண்ணத்தில் செய்தது, தொழிற்சாலை ஸ்பிரிங்கைவிட நன்றாகவே இறுக்கம். குமிழை முழுக்கத் தளர்த்தினால் இறுக்கமான ஸ்பிரிங்கும் தளர்ந்த அப்சார்பரும் சேர்ந்துகொள்ளும், அப்போது வண்டி குதிக்கும். சொகுசான கார் ஒரு வினாடிக்கு ஒரு தடவை, அல்லது அதற்குச் சற்று மேல் என்கிற தாளத்தில் அசையும்படிதான் அமைத்திருப்பார்கள். கிட்டத்தட்டத் தூளி ஆடும் தாளம். ஸ்பிரிங் இறுக இறுக அந்தத் தாளம் வேகமாகும். மனித உடம்பு உட்கார்ந்த நிலையில் மேலும் கீழுமான அசைவில் மிகவும் கஷ்டப்படுவது வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரை வரும் அதிர்வில். முதுகுத்தண்டு தேய்ந்தவருக்குச் சொல்லவே வேண்டாம். நாம் போக வேண்டியது அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.

இன்னும் இரண்டு குறை. பல காயில்ஓவர்களில் மேலே ரப்பர் மவுண்டுக்குப் பதிலாக இரும்பு உருண்டை மவுண்ட் வரும். ஓட்டப் பந்தயத்துக்கு அது சரி, ஆனால் சாலைச் சத்தம் மொத்தமும் கேபினுக்குள் வந்துவிடும். அடுத்தது, உயரத்தைக் குறைத்தால் சக்கரம் மேலே ஏறுவதற்கான இடமும் குறைகிறது. ஒவ்வொரு ஹம்ப்பிலும், ஏற்றத்தின் கடைசியில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டும், அந்த முட்டல் நேராக முதுகெலும்புக்கு. காயில்ஓவர் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. நல்லதைத் தேர்ந்து, சரியாக அமைத்து, ஆசையாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அம்மா உட்காரும் காருக்கு அது ஆகாது. இன்சூரன்ஸ்காரருக்கும் தெரிவிக்க வேண்டிய மாற்றம் அது. ஒரு வேண்டுகோள்: உயரம் குறைக்க ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்டிய ஸ்பிரிங் அது பொருந்த வேண்டிய இடத்தில் சரியாக உட்காராது, ஓடும்போது நழுவலாம்.

ஜொகூர் பழைய சாமான் பற்றி நான்கு வரி போதும். கதவு, கண்ணாடி, விளக்கு, சீட் என்றால் பழையது வாங்குங்கள், நானே வாங்குகிறேன். அப்சார்பர் தேய்ந்து தீரும் பொருள். யார் வண்டியில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தெரியாது, எத்தனை மாதம் படுத்த வாக்கில் கிடந்தது என்றும் தெரியாது. துடைத்து வைத்தால் கசிவு தெரியாது, மாட்டி இரண்டு மாதம் ஓடினால்தான் தெரியும். அதற்குள் கூலியை இரண்டு முறை கொடுத்திருப்பீர்கள்.

மிச்சம் இருப்பது ஒரிஜினலா, கயாபாவா.

பெட்டியில் கேஒய்பி என்றிருக்கும், நம் பட்டறைகளில் அது இன்னும் கயாபாதான். 1919-இல் ஜப்பானில் ஷிரோ கயாபா தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் வேர்விட்ட நிறுவனம். டொயோட்டாவின் எத்தனையோ கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே அப்சார்பர் செய்து கொடுப்பவர்கள். அதனால் 'வெளிச்சாமான்' என்ற தயக்கம் வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது எக்ஸெல்-ஜி என்ற ரகம். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன். தொழிற்சாலை அப்சார்பரின் அதே கட்டமைப்பு. கேஸ்-எ-ஜஸ்ட் என்பது ஒற்றைக் குழாய், அதிக அழுத்தம், அதனால் கையில் இறுக்கமாக இருக்கும். நீல நிறத்தில் வரும் நியூ எஸ்ஆர் ஸ்பெஷல் ரகம் வளைவில் பிடிப்புக்காகத் தொழிற்சாலை அளவைவிட இறுக்கமாகச் செய்தது. விற்கிறவர் 'இது அதைவிட உசத்தி' என்று நீலத்தைத் தூக்கிக் காட்டுவார். உசத்தியாகவே இருக்கட்டும், உங்கள் தேவை அது இல்லை.

மென்மையில் ஒரிஜினல் கயாபாவைவிட ஒரு பிடி முன்னே நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மாடலின் எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் என்று டொயோட்டா உட்கார்ந்து அமைத்த வால்வு அது. எக்ஸெல்-ஜி ஒரே உடலை நெருங்கிய மாடல்களுக்குப் பொதுவாகச் செய்வதால் சில வண்டிகளில் கொஞ்சம் இறுக்கமாகப் படும். ஆனால் உங்கள் கணக்கில் 670 வெள்ளி வித்தியாசம். அந்தப் பிடி மென்மைக்கு 670 கொடுப்பதைவிட, அதே பணத்தில் டயரும் ரப்பரும் மாற்றினால் அதைவிட நிறைய மென்மை கிடைக்கும். அதோடு, உங்கள் சிஓஇ 2028-இல் முடிகிறது. 5 வருஷத்துக்குப் புதுப்பித்த கார் சிஓஇ-யை மறுபடி புதுப்பிக்க முடியாது, அந்தத் தேதியில் வண்டி சாலையைவிட்டுப் போக வேண்டியதுதான். புதுப்பித்தபோதே, வண்டியைப் பதிவுநீக்கும்போது கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடித் தொகையும் போய்விட்டது. இந்த வண்டியில் போடும் ஒவ்வொரு வெள்ளியையும் 2028-க்குள் அம்மாவும் நீங்களும் அனுபவித்துத் தீர்க்க வேண்டும். பில்ஸ்டீன், கோனி என்று யாராவது சொன்னாலும் இதே பதில்தான்: அருமையான சாமான், ஆனால் பத்து வருஷம் ஓட்டப்போகிற வண்டிக்கு.

கயாபா கிடைக்காவிட்டால் மன்ரோ, டோக்கிகோ இரண்டும் நம்பி வாங்கலாம். பெயர் தெரியாத பெட்டியில் பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். போலிப் பெட்டிகளும் உலவுகின்றன. பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். முன் இடதுக்கும் முன் வலதுக்கும் எண் வேறாக இருக்கும். பெட்டியில் உள்ள எண்ணும் அப்சார்பர் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

680 என்று சொன்ன பட்டறையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதில் டாப் மவுண்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர், அலைன்மென்ட் எல்லாம் சேருமா?' பெரும்பாலும் சேராது. புது அப்சார்பரைப் பழைய மவுண்டில் பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். பழைய பம்ப் ஸ்டாப் கையில் எடுத்தால் நனைந்த பிஸ்கட் போல உதிரும், அந்தத் துகள் புது அப்சார்பரின் தண்டில் ஒட்டி சீலைக் கிழிக்கும். மவுண்டும் அதே சமயத்தில் மாற்றினால் கூலி தனியாக இல்லை, எப்படியும் ஸ்பிரிங்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பிறகு தனியாக மாற்றினால் முழுக் கூலியும் மறுபடி கொடுக்க வேண்டும்.

900 வெள்ளிக்குள் டயர் உட்பட எல்லாம் அடங்காது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் போவேன். இந்த மாதம் டயரும் ரிமும், அதோடு காற்றைச் சரியாக வைப்பது, ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டு. இவ்வளவு செய்தாலே இரும்புத் தகடும், லிங்க்தான் காரணமென்றால் கார்பார்க் சத்தமும் பெரும்பாலும் அடங்கிவிடும். 17 இஞ்ச் ரிம் விற்ற பணம் கைக்கு வந்ததும் முன் அப்சார்பர் இரண்டு, மவுண்ட், பம்ப் ஸ்டாப், அலைன்மென்ட். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தால் அதையும் அப்போதே. அதற்கடுத்த மாதம் பின் இரண்டு. பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு (டார்ஷன் பீம்), முன்பக்கத்தைவிடச் சுலபமான வேலை. ஒரு அச்சில் ஒன்றை மட்டும் மாற்றுவது கூடாது, ஆனால் முன் ஜோடி, பின் ஜோடி என்று மாதம் விட்டு மாற்றுவதில் தவறில்லை. பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷாவருஷம் பரிசோதனை உண்டு, வண்டிக்கு அடியிலும் பார்ப்பார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் முடித்துவிட்டால் ஒரு கவலை குறையும்.

பின் ஜோடி மாறும் வரை அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். இதற்குக் காசு வேண்டாம். பின்சீட்டு கிட்டத்தட்டப் பின்சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. வண்டி முன்னும் பின்னும் ஆடும்போது நடுப்பகுதி குறைவாக அசையும், ஓரங்கள் அதிகமாக அசையும். முன்சீட்டு அந்த நடுவுக்கு நெருக்கம். சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்தால் கைப்பிடியைப் பிடிக்கும் வேலை பாதியாகக் குறையும். மரியாதைக்காகப் பெரியவர்களைப் பின்னால் உட்கார வைப்பது நம் பழக்கம். முதுகு வலிக்கும் அம்மாவுக்கு முன்சீட்டுதான் மரியாதை.

பூட்டும் வேலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை. என் தொடக்க காலத்தில், சின் மிங் பக்கம் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவரின் காருக்கு லோயர் ஆர்ம் புஷ் மாற்றினோம். வண்டி லிஃப்டில், சக்கரங்கள் கீழே தொங்கிக்கொண்டிருக்க, நான் அப்படியே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நான்கு மாதத்தில் அவர் திரும்பி வந்தார், புது ரப்பர் கிழிந்திருந்தது. இந்த வகைப் புஷ்ஷில் ரப்பர் உள் இரும்போடும் வெளி இரும்போடும் ஒட்டியிருக்கும், சுழலாது, முறுக்கித் திரும்பும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். நின்றாலும் முறுக்கு, ஓடினாலும் முறுக்கு. வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பின் அப்சார்பரின் கீழ்முனை வளையத்தில் இருக்கும் ரப்பருக்கும் இதேதான். அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை, 'பரவாயில்லப்பா, சரியா செஞ்சு குடு' என்றார். அன்றிலிருந்து என் கையால் தொங்கும் சக்கரத்தில் புஷ் போல்ட்டை இறுக்கியதில்லை, என்னிடம் கற்றுக்கொள்ளும் பையன்களையும் விடுவதில்லை. உங்கள் பட்டறையில் இதைப் பணிவாகக் கேளுங்கள்: 'அண்ணே, கடைசி டைட் வண்டிய இறக்கிட்டுத்தானே?' தெரிந்தவர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார். என்ன கேட்கிறீர்கள் என்று விழிப்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

அதேபோல் அப்சார்பர் தண்டின் பளபளப்பான பகுதியைக் குறடால் பிடித்துத் திருகக்கூடாது. ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து எண்ணெய் வடியும். புது அப்சார்பரை நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகுதான் பூட்ட வேண்டும். முன்பக்க அப்சார்பர்-ஸ்பிரிங் தொகுதியான ஸ்ட்ரட்டைத் தொட்டால் சக்கரத்தின் கோணம் மாறும், அதனால் அலைன்மென்ட் கட்டாயம். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய சாமானையும் பார்த்துவிட்டு வாருங்கள். அப்சார்பர் உடம்பில் லேசாக ஈரம் படிந்து தூசி ஒட்டியிருப்பது சாதாரணம், எண்ணெய் வழிந்து கீழ்வரை நனைந்திருந்தால்தான் கசிவு. தண்டை அமுக்கி விடுங்கள். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால், இத்தனை நாள் அம்மா பிடித்திருந்த கைப்பிடிக்குக் காரணம் உங்களுக்கே புரியும்.

வண்டியை எடுத்ததும் நேராக சிலேத்தார் விரைவுச்சாலையில் ஏறிப் பார்க்காதீர்கள். வேகத்தில் பல குறை மறைந்துவிடும். உங்கள் புளோக் கார்பார்க்கின் மேல்மாடிக்குப் போய், ரேடியோவையும் ஏர்கானையும் அணைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மெதுவாக இறங்குங்கள். ஸ்டியரிங்கை ஒருமுறை முழு இடமும் முழு வலமும் திருப்பிக் கேளுங்கள். ஏதாவது ஒரு சத்தம் மிச்சமிருந்தால் அன்று மாலையே பட்டறைக்குத் திரும்பிப் போங்கள், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட வேண்டாம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.